ஆள் போயிட்டார், பாஸ்வேர்டு போகலையே: உள்ளாள் அபாயம் பற்றி வட ஆற்காட்டுக் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், ஆரணி பக்கத்து நிறுவனங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. வெளியே இருந்து பூட்டை உடைப்பவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஊழியர், முன்னாள் ஊழியர், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தவர் என்று சாவியை நாமே கொடுத்து வைத்தவர்களைப் பற்றித்தான்.

ஆம்பூர், ஷூ ஏற்றுமதி: எங்க மெர்ச்சண்டைசர் ராஜினாமா கொடுத்திருக்கார், பத்து நாள்ல கிளம்புறார். பையர் விலை, காஸ்டிங் ஷீட், பேட்டர்ன் ஃபைல் எல்லாம் அவர் கையிலதான். எடுத்துட்டாரான்னு எப்படிப் பார்க்கிறது சார்?

முன்னால் வரப்போகிற பத்து நாளை விட, கடிதம் கொடுப்பதற்கு முந்தைய முப்பது நாளைப் பாருங்கள். எடுக்க நினைப்பவர் பெரும்பாலும் எடுத்த பிறகுதான் கடிதம் கொடுப்பார். கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் அட்மின் கன்ஸோலில் டிரைவ் லாக் இருக்கிறதா பாருங்கள், அது உங்கள் பிளானைப் பொறுத்தது. அவர் பெயரில் டவுன்லோடு எத்தனை, வெளி முகவரிக்கு ஷேர் ஆனவை எவை, மெயிலில் ஃபார்வேர்டிங் போட்டிருக்கிறாரா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். வேலை நாளில் இருபது ஃபைல் திறப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானூறு ஃபைல் இறக்கியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்காக நேராகப் பழி சொல்லிவிடாதீர்கள். ஆடிட்டர் கேட்டதற்காகவும் இறக்கியிருக்கலாம்.

கடைசி நாளில் வரிசை முக்கியம். அவர் எச்ஆரிடம் கையெழுத்துப் போடும் நேரத்திலேயே கணக்கை சஸ்பெண்ட் செய்யுங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சைன்-இன் குக்கீ, ஆப் பாஸ்வேர்டு, இணைத்து வைத்த வெளி ஆப்கள் எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும். ரெக்கவரி நம்பர் அவருடைய சொந்த நம்பராக இருந்தால் மாற்றுங்கள். கணக்கை டெலிட் செய்யாதீர்கள், டெலிட் செய்தால் 20 நாளுக்குப் பிறகு மீட்க முடியாது. லேப்டாப்பை வாங்கியதும் ஃபார்மேட் போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். அதோடு எந்தப் பென்டிரைவ் எப்போது செருகப்பட்டது என்ற தடயமும் போய்விடும். 90 நாள் அப்படியே பூட்டி வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பையரோடு பேசுவது அவருடைய சொந்த வாட்ஸ்அப் நம்பரில் என்றால் பாதி வேலை வீண். கம்பெனி பெயரில் சிம், கம்பெனி போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்து, லிங்க்ட் டிவைசஸ் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். இது இப்போது போகிறவருக்கு உதவாது. அடுத்து வருபவருக்கு முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

இராணிப்பேட்டை சிப்காட், கணக்குப் பிரிவு: டேலியில அஞ்சு பேருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. ஒரு வவுச்சர் தொகை மாறியிருக்கு. முதலாளி என்னையே பார்க்கிறார். யாருன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. எடிட் லாக் (திருத்தங்களைப் பதியும் வசதி) இருந்தால் எத்தனை மணிக்கு மாறியது, முன்பு என்ன தொகை என்பது தெரியும். யார் என்ற இடத்தில் 'அட்மின்' என்றுதான் இருக்கும். அந்த நேரத்தை விண்டோஸ் லாகின் பதிவோடும் (ஈவென்ட் எண் 4624), வருகைப் பதிவோடும், கேமராவோடும் ஒப்பிட்டால் எந்த நாற்காலி என்று சொல்லலாம். எந்தக் கை என்று சொல்ல முடியாது. தனித்தனி யூசர் கேட்பது உங்களைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். தப்பு செய்யாதவரை விடுவிக்க இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

உங்களுடையது பதிவு பெற்ற கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும், அணைக்கவே முடியாத ஆடிட் டிரெயில் உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். பங்குதாரர் நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. டேலி டேட்டா ஃபோல்டர் எல்லோருக்கும் ஷேர் ஆகியிருந்தால், பழைய பேக்கப்பை மேலே போட்டு, நடுவில் நடந்த எல்லாவற்றையும் லாகோடு சேர்த்து அழித்துவிடலாம். அதனால் தினசரி பேக்கப்பின் ஒரு பிரதி கணக்குப் பிரிவின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சப்ளையர் லெட்ஜரில் வங்கி எண்ணை மாற்றுபவரும் பணம் அனுப்புபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டே பேர் உள்ள ஆபீஸ் என்றால், ஓடிபி வரும் சிம் முதலாளியின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

குடியாத்தம்: யுஎஸ்பி ஓட்டையில ஃபெவிகுவிக் ஊத்தி அடைச்சிட்டோம். போதுமா?

மவுஸைப் பிடுங்கினால் ஒரு ஓட்டை கிடைத்துவிடுமே. விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பிஸ்டோர் சர்வீஸின் 'ஸ்டார்ட்' மதிப்பை 3-லிருந்து 4 ஆக்கினால் பென்டிரைவ் வேலை செய்யாது. ஆனால் ஆண்ட்ராய்டு போன் வேறு வழியில் இணைவதால் அது நிற்காது. குரூப் பாலிசியில் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' பகுதிக்குப் போய் டபிள்யூபிடி டிவைஸ்களுக்கும் (போன் போன்ற கையடக்கக் கருவிகள்) சேர்த்துத் தடை போடுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் வராது, ப்ரோ வேண்டும். ஊழியருக்கு அந்த கணினியில் அட்மின் உரிமை இருந்தால், நீங்கள் போட்டதை அவரே எடுத்துவிடுவார்.

இராணிப்பேட்டை, தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்: பிஎல்சி (பம்ப், வால்வை இயக்குற கட்டுப்பாட்டுக் கணினி) போட்ட கம்பெனிக்காரங்க எனிடெஸ்க்ல (தூரத்திலிருந்து கணினியை இயக்குற சாஃப்ட்வேர்) எப்ப வேணா உள்ளே வர்றாங்க. ஏஎம்சி முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. பயப்படணுமா?

பயப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற ஊரில் 2000-ம் ஆண்டு இதேதான் நடந்தது. கழிவுநீர் பம்ப் நிலையங்களுக்கு ரேடியோ கட்டுப்பாடு அமைத்த ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்து விலகிய ஒருவர், மாநகராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காமல் போக, காரில் லேப்டாப்பும் ரேடியோ கருவியும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஆற்றிலும் பாய்ந்தது. புதிதாகப் போட்ட சிஸ்டம், அதனால் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்த நினைப்புதான் அவருக்கு நாட்களைக் கொடுத்தது. பின்னர் அவருக்கு 2 ஆண்டு சிறை. உங்கள் பக்கம் அப்படி ஒரு வால்வு திறந்தால் தண்ணீர் போய்ச் சேருவது பாலாறு.

செய்ய வேண்டியது: ஆள் இல்லாமலே இணையும் 'அன்அட்டெண்டட்' பாஸ்வேர்டை இன்றே எடுங்கள். வெண்டர் வர வேண்டுமென்றால் போன் செய்யட்டும், ஷிப்ட் ஆபரேட்டர் அனுமதி கொடுத்து, வேலை முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிஎல்சி, எச்எம்ஐ (ஆபரேட்டர் பார்த்து இயக்கும் திரை), ரவுட்டர் மூன்றிலும் நிறுவும்போது வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், மாற்றுங்கள். இப்போது ஓடும் பிஎல்சி புரோகிராமின் பிரதியை வெண்டரிடமிருந்து எழுதி வாங்கிப் பூட்டி வையுங்கள். அது இல்லாவிட்டால் நாளைக்கு மாறியது எது என்று சொல்லவே ஆளில்லை. காரணமில்லாமல் பம்ப் நின்றாலோ, அலாரம் வராமல் போனாலோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போதே கட்டளைப் பதிவையும் பாருங்கள்.

வேலூர், மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவு: நோயாளிகளோட போன் நம்பர் வெளியே போகுது. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஏஜென்ட் கூப்பிடுறாங்கன்னு வங்காளத்திலிருந்து வந்தவங்க புகார் சொல்றாங்க. எல்லா ரெக்கார்டையும் பூட்டிடலாமா?

பூட்டினால் அவசர வார்டில் உயிர் போகும். மருத்துவமனையில் திறக்க விட்டு, திறந்தவரைப் பதிவதுதான் முறை. தன் வார்டில் இல்லாத நோயாளியைத் திறந்தால் காரணம் கேட்கும் ஒரு பெட்டி வரட்டும். வாரம் ஒருமுறை அந்தக் காரணங்களை ஒருவர் படிக்க வேண்டும். யாரும் படிக்கவில்லை என்று தெரிந்த மூன்றாவது வாரத்தில் எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு ரெக்கார்டை எட்டிப் பார்ப்பது ஒரு வகை. இரண்டாயிரம் பேரை எக்செலில் இறக்குவது வேறு வகை, உங்கள் புகார் அந்த இரண்டாவது மாதிரித் தெரிகிறது. எக்ஸ்போர்ட் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் வையுங்கள். பில்லிங் கவுன்ட்டர் திரையில் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தால் போதும். கசிவு எந்தப் பிரிவில் என்று தெரிய, பிரிவுக்கு ஒன்றாகப் பொய் நோயாளிகளைப் பதிந்து, அவர்களுக்கு நீங்கள் வாங்கிய சிம் நம்பர்களைக் கொடுங்கள். எந்த சிம்முக்கு ஏஜென்ட் அழைப்பு வருகிறதோ, அந்தப் பிரிவில் தேடலாம். உண்மையான புள்ளிவிவரத்தில் அவை கலக்காமல் குறியிட மறக்காதீர்கள்.

வார்டில் பொது லாகின் ஏன் ஒழிவதில்லை தெரியுமா? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரை பூட்டிக்கொண்டால் நர்ஸ் என்ன செய்வார், பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டித்தான் வைப்பார். தட்டினால் திறக்கும் அடையாள அட்டைக்குச் செலவு செய்யுங்கள். 2023-ன் தனிநபர் தரவுச் சட்டத்தில், பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்பதை நிர்வாகத்திடம் சொன்னால் அட்டைக்குப் பணம் வரும்.

காட்பாடி, தனியார் கல்லூரி: எல்லா பாஸ்வேர்டும் எங்க சிஸ்டம் அட்மின் ஒருத்தர்கிட்டதான். நல்லவர்தான்…

நல்லவருக்கும் பாலாற்றுப் பாலத்தில் பைக் சறுக்கலாமே. சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில் 2008-ல் ஒரு நெட்வொர்க் இன்ஜினியர் பாஸ்வேர்டு தர மறுத்துக் கைதானார். நகர நெட்வொர்க்கின் கட்டுப்பாடு 12 நாள் அவரிடமே இருந்தது. கடைசியில் சிறைக்கு வந்த மேயரிடம்தான் கொடுத்தார். முதலில் கல்லூரியின் டொமைன் யார் மெயிலில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள், பல இடங்களில் அது அட்மினின் சொந்த ஜிமெயில். அதை மாற்றுங்கள். அவசரக் கணக்கு ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டை மூடிய உறையில் முதல்வர் அறை பீரோவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவர் அழிக்க முடியாத பேக்கப் ஒன்று வேண்டும். முக்கியப் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியர்களை ஆண்டுக்குத் தொடர்ந்து 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. அவரையும் அப்படி அனுப்புங்கள். அவர் இல்லாமல் எது நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

வாலாஜா: எல்லார் ஸ்க்ரீனையும் ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் விலைக்கு வருது, வாங்கலாமா?

வேண்டாம். ஊழியரின் நெட்பேங்கிங் வரை அதில் பதியும். திருட இன்னொரு பெட்டகம் நீங்களே கட்டியதாகும்.

ஆரணி, பட்டுச் சேலை: ஜக்கார்டு டிசைன் ஃபைலை ஒருத்தர் எடுத்து வெளியே கொடுத்திருக்கார், கம்ப்யூட்டர் எங்ககிட்டதான் இருக்கு. தம்பி திறந்து பார்த்துட்டு இருக்கான்.

தம்பியை எழுந்திரிக்கச் சொல்லுங்கள். ஃபைலைத் திறந்து மூடினாலே தேதிகள் மாறும், அதையே எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். கணினியை அணைத்து, யார் எப்போது வாங்கினார் என்று எழுதிக் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். தடயவியல் தெரிந்தவர் ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதவிடாத கருவி) போட்டு டிஸ்க்கைப் பிரதி எடுத்து, அதன் ஹாஷ் எண்ணை (டிஸ்க்கின் கைரேகை மாதிரி) குறிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின் சான்றிதழில் அந்த ஹாஷ் இடம்பெற வேண்டும். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளோடு, ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 316(4)-ஐயும் வக்கீலிடம் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்க நாளாகும். கேமரா டிவிஆர் காத்திருக்காது, பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். அந்த நாட்களின் பதிவை இன்றைக்கே எடுத்து வையுங்கள். எடுக்கும்போது டிவிஆர் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் பிடியுங்கள். பல கடைகளில் டிவிஆர் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே ஓடும். அந்த வித்தியாசம் தெரியாமல் கணினிப் பதிவோடு ஒப்பிட்டால், டீ குடிக்க எழுந்து போனவர் பெயர் வந்து நிற்கும்.