லெஜண்ட்ஸ் இசட்-ஏ: சண்டை மாறிவிட்டது, பழைய கணக்கு செல்லுமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். போகிமான் வீடியோ கேம்களில் எக்ஸ், லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் இரண்டும் ஆடியிருக்கிறேன். 2025 அக்டோபரில் வந்த லெஜண்ட்ஸ் இசட்-ஏ கேமின் முன்னோட்டங்களைப் பார்த்தால் சண்டையே வேறு மாதிரி தெரிகிறது. எந்த வகை போகிமான் எதை அதிகம் அடிக்கும் என்கிற டைப் கணக்கு இன்னும் செல்லுமா? பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவி போதுமா? தம்பியும் நானும் சேர்ந்து ஆடலாமா?

பதில்: டைப் கணக்கு அப்படியே செல்லும். கரடோஸ் என்ற போகிமான் தண்ணீரும் பறவையும் சேர்ந்த வகை, மின்சாரம் அடித்தால் 4 மடங்கு வலிக்கும். மண் வகை மேல் மின்சாரம் பட்டால் ஒன்றும் ஆகாது. அதில் எல்லாம் கை வைக்கவில்லை. போனது முறை மட்டும்தான். நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி அடிப்பது இனிமேல் கிடையாது. அந்த ஒன்று போனதால் மூவ் (போகிமானின் தாக்குதல் வித்தை) தேர்வு, கையில் இருக்கும் கன்ட்ரோலர் ஸ்டிக், வீட்டு இன்டர்நெட் வரைக்கும் நிறைய விஷயம் சேர்ந்து மாறுகிறது.

ஆர்சியஸ் ஆடியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 2022 ஜனவரியில் வந்த அந்த கேமிலும் நாம் உருண்டு தப்பினோமே, அதுதானே இது என்று. அங்கே உருண்டது நாம் மட்டும். சண்டை தொடங்கியதும் பழையபடி முறை வைத்துத்தான் நடந்தது, அஜைல், ஸ்ட்ராங் என்று இரண்டு பாணியால் அந்த வரிசையைக் கொஞ்சம் முன்பின் ஆக்கினார்கள், அவ்வளவே. இசட்-ஏவில் வரிசையே இல்லை. நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றால் எதிராளி இரண்டு அடி அடித்துவிடுவான்.

கையில் நடப்பது இதுதான். இசட்எல் பட்டனை அழுத்திப் பிடித்தால் எதிரி மேல் குறி பூட்டிக்கொள்ளும். நம் போகிமான் முன்னால் போய் நிற்கும். எக்ஸ், ஒய், ஏ, பி நான்கிலும் நான்கு மூவ். ஒன்றைத் தட்டினால் அது நடந்து முடிந்து, அந்தப் பட்டன் மட்டும் கொஞ்ச நேரம் மங்கிக் கிடக்கும். அதுதான் கூல்டவுன். ஒரு மூவை இத்தனை தடவைதான் அடிக்கலாம் என்று இருந்த பழைய பிபி எண்ணிக்கை போய்விட்டது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் பலமான மூவ் திரும்ப வர அதிக நேரம் பிடிக்கும்.

முன்னோட்ட வீடியோக்களில் பலர் கவனிக்காமல் விடுவது இசட்எல்லை விடும்போது நடப்பதை. பட்டனை விட்டவுடன் போகிமான் நம் பக்கத்துக்கு ஓடி வந்துவிடும். நாம் நடந்தால் அதுவும் கூடவே நடக்கும். இந்த கேமில் தப்பிப்பது என்றால் இதுதான். எதிரி எர்த்க்வேக் மாதிரி சுற்று வட்டாரமே அடிவாங்கும் மூவுக்குத் தயாராகிறான் என்று தெரிந்ததும் இசட்எல்லை விட்டு, ஸ்டிக்கைப் பின்னுக்குத் தள்ளி, போகிமானை வட்டத்துக்கு வெளியே இழுத்து வந்துவிட வேண்டும். அடி வெறும் தரையில் விழும். உடனே மறுபடி இசட்எல், நம் அடி. கபடியில் பாடிப்போகிறவன் கோட்டைத் தாண்டி எட்டித் தொட்டுவிட்டு, பிடி விழுவதற்குள் திரும்புகிற அதே கணக்கு. இசட்எல்லை விடாமல் அழுத்திக்கொண்டே நான்கு பட்டனையும் மாற்றி மாற்றித் தட்டுகிறவர் பெரிய மிருகத்திடம் மாட்டினால் ஒரே நிமிடத்தில் காலி.

அடுத்தது தூரம். டோட்டோடைல் வாட்டர் கன் அடிப்பதென்றால் நின்ற இடத்திலிருந்தே அடிக்கும். பைட் என்றால் ஓடிப்போய்க் கடித்தாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் நேரம் ஆகும், வழியில் அடியும் வாங்கும். ஆகவே மூவின் பவர் எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இனி உதவாது. பவர் 80 உள்ள கிட்டத்து மூவைவிட பவர் 60 உள்ள தூரத்து மூவ் பல இடத்தில் லாபமாக இருக்கும். நான்கு வகைக்கு நான்கு தாக்குதல் என்று நிரப்புகிற பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சீக்கிரம் திரும்பி வரும் சின்ன மூவ் ஒன்று, தாமதமாக வரும் பெரிய மூவ் ஒன்று, எட்ட நின்று அடிப்பது ஒன்று, மிச்சம் இருப்பதில் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட். முதல் சில மணி நேரத்துக்கு இது போதும். பெரிய மூவ் மங்கியிருக்கும்போது கை சும்மா இருக்காமல் சின்ன மூவ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான்குமே பெரிய மூவ் வைத்தால் நான்கும் ஒரே நேரத்தில் மங்கி, போகிமான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

ப்ரொடெக்ட் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேமில் அது அந்த முறை முழுவதும் காக்கும். இங்கே அது கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதனால் எதிரியின் அடி வந்து விழுகிற நேரத்தைப் பார்த்துப் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் கவசம் மறைந்த பிறகு அடி வரும். நம் பலத்தை ஏற்றும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் வகையும் இதே கதைதான். ஏறிய பலம் சண்டை முடியும் வரை தங்காது. போட்ட உடனே பெரிய மூவ் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

காட்டு போகிமான்கள் நம்மையும் அடிக்கும். அதற்குத்தான் ஒய் பட்டனில் உருளுகிற வசதி. இசட்எல்லைப் பிடித்திருக்கும்போது ஒய் ஒரு மூவாகிவிடும், உருள வராது. அவசரத்தில் எல்லோரும் செய்யப்போகிற தப்பு இதுதான்.

அமெரிக்காவின் அனஹைமில் 2025 ஆகஸ்ட்டில் நடந்த போகிமான் உலகப் போட்டியிலும் ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியிலும் ஆடிப் பார்க்கக் கொடுத்தார்கள். அதில் மெகா ஆப்சோல் (மெகா என்பது போகிமான் தற்காலிகமாக எடுக்கும் பலமான வடிவம்) கட்டுக்கடங்காமல் வெறிபிடித்து வரும் ஒரு சண்டை உண்டு. அதை அடிக்கும்போது சிதறும் ஒளி உருண்டைகளை நாம் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். பொறுக்கினால் மெகா அளவுகோல் நிறையும், நிறைந்தால் நம் போகிமான் மெகா ஆகும், அந்த நிலையும் கொஞ்ச நேரம்தான். ஆக அந்தச் சண்டையில் போகிமானை எங்கே நிறுத்துவது, நாம் எங்கே ஓடுவது என்று ஒரே கையில் இரண்டு வேலை. எனக்கு இந்த கேமில் நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள், கண்காட்சியில் கொடுப்பது அவர்களே தயார் செய்து வைத்த அணி. அங்கே சண்டை சுலபமா கடினமா என்று எழுதியிருப்பதை வைத்து முழு கேமையும் எடை போடாதீர்கள்.

சந்தேகம் தருவது ஊர். முழுக் கதையும் காலோஸ் என்ற கற்பனைப் பகுதியின் லூமியோஸ் நகருக்குள்ளேயே நடக்கிறது. ஆர்சியஸில் மலை, கடற்கரை, பனி என்று திரிந்தவருக்கு, வேலூரில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவிலேயே மொத்த ஆட்டமும் என்று சொன்ன மாதிரி இருக்கும். ஊருக்குள் ஆங்காங்கே தடுப்பு போட்ட ‘வைல்ட் ஸோன்’ பகுதிகளில்தான் காட்டு போகிமான் பிடிக்க வேண்டும். மாடிக்கு மாடி ஏறித் திரியலாம் என்பது ஓர் ஆறுதல்.

இரவில் வருவது இசட்-ஏ ராயல். ஊரின் ஒரு பகுதி சண்டைக்களம் ஆகிவிடும். இசட் தரத்தில் தொடங்கி ஏ வரை ஏற வேண்டும். பயிற்சியாளர்களை வீழ்த்திப் புள்ளி சேர்த்தால் ஒரு சீட்டு கிடைக்கும், அந்தச் சீட்டை வைத்துத் தர உயர்வுப் போட்டி. எதிராளி நம்மைப் பார்க்கும் முன் பதுங்கிப்போய் அடித்தால் முதல் அடி இலவசம். வழியில் கிடக்கும் போனஸ் அட்டைகளில் எழுதியிருக்கும் நிபந்தனையை நிறைவேற்றினால் கூடுதல் புள்ளி. தெருவில் கண்ணில் பட்டவரை எல்லாம் நேரே ஓடிப்போய் மோதுவதைவிடச் சந்து பார்த்துச் சுற்றி வருகிறவர் சீக்கிரம் ஏறுவார்.

இனி தம்பி விஷயம். திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இல்லை. ஒரே ஸ்விட்ச்சில் ஆளுக்கொரு யூசர் ப்ரொஃபைல் திறந்தால் தனித்தனி சேவ் கிடைக்கும், மாற்றி மாற்றி ஆடலாம். ஒரே ப்ரொஃபைலில் தம்பி ‘நியூ கேம்’ போட்டால் உங்கள் சேவுக்கு ஆபத்து, முதல் நாளே ப்ரொஃபைலைப் பிரித்துவிடுங்கள். ஒருவரோடு ஒருவர் மோத இரண்டு கருவி, இரண்டு கேசட் வேண்டும். இன்டர்நெட் வழியாக மோத நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவும் வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஒருவருக்கு ஆண்டுக்கு 19.99 டாலர், 8 கணக்கு வரை சேர்க்கும் குடும்பச் சந்தா 34.99. இரண்டு பேர் என்றாலே குடும்பச் சந்தா மலிவு.

ஆன்லைனில் இசட்-ஏ பேட்டில் கிளப் என்று 4 பேர் மோதும் 3 நிமிட ஆட்டம். அதிகம் வீழ்த்தியவருக்கு வெற்றி. கவனியுங்கள், அதிகம் அடித்தவருக்கு இல்லை. மற்ற இருவர் அடித்துக்கொண்டு ஒருவனின் உயிர் கால்வாசிக்கு வந்ததும் தூரத்திலிருந்து ஒரு மூவ் போட்டு முடிப்பவர்தான் எண்ணிக்கை சேர்ப்பார். பெரிய மூவை முதல் நொடியிலேயே வீணாக்க வேண்டாம். இதில் எரிச்சலான ஒன்றும் உண்டு. கிரெனின்ஜா என்ற போகிமானை மெகா ஆக்கும் கல்லை ஆன்லைன் ரேங்க் போட்டியின் பரிசாக வைத்தார்கள். தனியாக ஆடுகிறவரும் அதற்காகச் சந்தா கட்ட வேண்டி வந்தது. இது நியாயமாகப் படவில்லை.

பழைய ஸ்விட்ச் போதும், அதன் சிறிய வடிவமான ஸ்விட்ச் லைட்டும் போதும். ஸ்விட்ச் 2 பதிப்பில் படத் தெளிவும் ஓட்டமும் கூடும். விலை அமெரிக்கக் கணக்கில் 59.99 டாலர், ஸ்விட்ச் 2 பதிப்பு 69.99. சாதாரணப் பதிப்பை வாங்கி ஆடிவிட்டு, பின்னால் ஸ்விட்ச் 2 வாங்கினால் 9.99 கட்டி மேம்படுத்திக்கொள்ளலாம். மொத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இப்போதே அவசரப்பட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. டாலருக்கு 88 ரூபாய் என்று போட்டால் சாதாரணப் பதிப்பு 5,280 ரூபாய் பக்கம் வரும், இங்கே கைக்கு வரும்போது இறக்குமதி செய்கிறவரின் லாபமும் சேரும். 2025 செப்டம்பர் 12 அன்று அறிவித்த மெகா டைமென்ஷன் கூடுதல் பகுதி தனியாக 29.99. அதை இப்போது வாங்காதீர்கள், முதல் கேம் பிடிக்கிறதா பாருங்கள்.

நின்டெண்டோவுக்கு இந்தியாவில் தனி இ-ஷாப் (ஆன்லைன் கடை) கிடையாது. கணக்கை எந்த நாட்டுக்குத் திறந்தீர்களோ அந்த நாட்டு கிஃப்ட் கார்டு மட்டும்தான் ஏறும். அமெரிக்கக் கணக்கில் ஐரோப்பிய கார்டைத் தட்டினால் பணம் முடங்கும். கேசட் எந்த நாட்டுடையதானாலும் ஓடும், ஆனால் கூடுதல் பகுதியை வாங்கும்போது கேசட் நாடும் கணக்கின் நாடும் வேறாக இருந்தால் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. கடைக்காரரிடம் எந்த நாட்டுக் கேசட் என்று கேட்டே வாங்குங்கள்.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இடது ஸ்டிக்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். முறை வைத்து ஆடிய காலத்தில் ஸ்டிக் கொஞ்சம் தானாக நகர்ந்தாலும் சமாளித்துவிடலாம். இங்கே போகிமானை இழுத்து வருவதே அந்த ஸ்டிக்தான். சிஸ்டம் செட்டிங்ஸ் போய், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதில் கேலிப்ரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ். ஸ்டிக்கை எட்டுத் திசைக்கும் சாய்த்துச் சாய்த்து விடுங்கள். விட்ட ஒவ்வொரு தடவையும் குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். லைட்டில் ஸ்டிக் கழற்ற முடியாதபடி உடம்போடு சேர்ந்தது, அதில் இந்தக் கோளாறு இருந்தால் விலையைக் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். மற்றதில் பக்கவாட்டில் கழற்றி மாட்டும் ஜாய்கானை மாற்றிவிடலாம்.

இன்டர்நெட்டும் அதே மாதிரி. முறை வைத்த ஆட்டத்தில் ஒரு நொடி தாமதம் தெரியாது, இங்கே அந்த ஒரு நொடியில் ப்ரொடெக்ட் தவறிவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் இன்டர்நெட், அதில் டெஸ்ட் கனெக்‌ஷன் ஓட்டினால் கடைசியில் ‘நாட் டைப்’ (NAT Type) என்று ஓர் எழுத்து வரும். ஏ அல்லது பி வந்தால் கவலையில்லை. டி வந்தால் நண்பரோடு இணையும்போதே அறுந்து அறுந்து போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பெரும்பாலும் இப்படித்தான், காரணம் ஒரே ஐபி முகவரியைப் பல பேருக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். கேபிள்காரர் தரும் பிராட்பேண்டிலும் இது நடக்கும். அவரிடம் தனி ஐபி கேட்டுப் பாருங்கள், மாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு சிலர் தருவார்கள். கிடைத்ததும் ரவுட்டரில் யுபிஎன்பி வசதி திறந்திருக்கிறதா பார்த்துவிட்டு மறுபடி டெஸ்ட் ஓட்டுங்கள்.

சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பின் கன்வர்ட்டர் மட்டும் போதும், ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். கருவியை 35 டிகிரிக்குள் வைத்து ஆட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அக்டோபர் மழையில் பிரச்சினை இல்லை. நம் ஊர் ஏப்ரல், மே மதியத்தில் ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கை டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைக்காமல், ஃபேன் காற்று படும்படி முன்னால் இழுத்து வையுங்கள்.