மேஸ்திரி பேச்சா, இன்ஜினீயர் பேச்சா?

கேள்வி: ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டுகிறோம். பிளானில் கடைக்கால் ஐந்தடி ஆழம். ஒரு மூலையில் மூன்றடியிலேயே பாறை வந்துவிட்டது. "இதுக்கு மேல எதுக்குங்க, இங்கயே பில்லரை ஏத்திடலாம்" என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வதைக் கேட்பது ஐயா?
- ஒரு வாசகி, ராயக்கோட்டை

பதில்: மேஸ்திரி சொல்வது பாதி சரிம்மா. நல்ல பாறை என்றால் அதைக் குடைந்து ஐந்தடிக்குப் போவது வீண் செலவுதான். ஆனால் அது அடியிலிருந்து வரும் பாறையா, மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக் கல்லா? மற்ற மூலைகளில் வெறும் மண் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. பாறை மேல் நிற்கும் பில்லர் அசையாது, மண் மேல் நிற்பது கொஞ்சம் இறங்கும், நடுவில் சுவர் விரிசல் விடும். குழியை மூடாமல் வைத்து இன்ஜினீயரை நேரில் வரச் சொல்லுங்கள். அவர் சொல்லும் மாற்றத்தை வாய்வார்த்தையாக விடாமல் பிளானிலேயே எழுதி வாங்குங்கள்.

உண்மையில் இது பிளானுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலை. நம் பக்கம் பாறை எங்கே தலைகாட்டும் என்று தோண்டினால்தான் தெரியும். ஜேசிபி வைத்து நாலு மூலையிலும் குழி பார்த்து, மேஸ்திரியையும் பிளம்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் நான் கோடு போடுவேன். செப்டிக் டேங்க்கையே பாருங்கள். வாஸ்துப்படி வடமேற்கில் குறித்திருப்பார்கள், அங்கே பாறை. பாறை உடைக்கும் பிரேக்கருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க மனசில்லாமல் டேங்க்கை எதிர்ப்பக்கம் தள்ளுவார்கள். அப்புறம் பைப்புக்கு வாட்டம் கிடைக்காது. பாத்ரூம் நகரும், அதோடு பைப் போக அதன் தரையைத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப் நகரும், பீமும் நகரும். அதற்குள் பில்லர் ஏறியிருக்கும்.

எனக்கு இந்தப் புத்தி பட்டு வந்ததுதான். காவேரிப்பட்டணத்தில் என் சொந்த வீட்டுக்கு நானே பிளான் போட்டேன். பிளம்பரைக் கூப்பிட்டது ரூஃப் கான்கிரீட் முடிந்த பிறகு! நாலங்குல பைப் போக வழியில்லை, பீமில் ஓட்டை போடட்டுமா என்று சுத்தியலும் உளியுமாக நின்றார். பீமைத் தொடவிடாமல், பைப்பைச் சுவருக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோனோம். இன்றைக்கும் அது வாசல் பக்கம் பளிச்சென்று தெரியும். "இன்ஜினீயர் வீடுங்க" என்று விருந்தாளிகளுக்கு என் மனைவி காட்டுவார்.

உங்கள் செப்டிக் டேங்க் இடத்தில் இன்னும் தோண்டவில்லை என்றால், இன்ஜினீயர் வரும் அன்றே அங்கேயும் ஒரு குழி போட்டுவிடுங்கள்.