கதவுக்கு வெளிய நின்னு கூப்பிட்டது அப்பாவுக்கு கேட்டிருக்குமா?

கேள்வி: எங்க அப்பாவுக்கு ஐசியூல இதயம் நின்னுடுச்சு, அரை மணி நேரம் நெஞ்சை அமுக்கிப் பாத்தும் திரும்பி வரல. நான் கதவுக்கு வெளிய நின்னு அப்பா அப்பான்னு கத்திட்டே இருந்தேன். அது அவர் காதுல விழுந்திருக்குமா? இதயம் நின்னா அந்த நிமிஷமே எல்லாம் போயிடுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்க லெட்டர படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேம்மா. நான் 20 வருஷத்துக்கு மேல ஐசியூல நர்ஸா இருந்தவ, தெரிஞ்சத மறைக்காம சொல்றேன். இதயம் நின்னதும் மூளைக்கு ரத்தம் போறது நின்னுடும், பத்து இருபது செகண்டுல நினைவு தப்பிடும், தலையில வயர் ஒட்டி மூளையோட மின் அலைய பாக்கற ஈஈஜி கோடும் அரை நிமிஷத்துக்குள்ள படுத்துடும். ஆனா கோடு படுத்துட்டா மூளை செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, செல்லுங்க சாக இன்னும் நேரம் எடுக்கும், அதுக்குள்ள நாங்க நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை நெஞ்சை அமுக்குறோம்ல, அதுல கொஞ்சம் ரத்தம் மேல போகும். லேசா நினைவு வர அந்த கொஞ்சமே சில பேருக்கு போதும்.

ஒரு நைட் டூட்டியில மளிகைக்கடைக்காரர் ஒருத்தருக்கு நான்தான் அமுக்கிட்டு இருந்தேன், திடீர்னு அவர் கை மேல வந்து என் மணிக்கட்ட பிடிச்சுது. இதயம் வந்துடுச்சுன்னு நெனச்சு நிறுத்திட்டு மானிட்டர பாத்தா ஒண்ணுமே இல்ல, கையும் பொத்துனு விழுந்துடுச்சு. மறுபடி அமுக்கினேன், மறுபடி பிடிச்சார். அவர் பொழைக்கல, அதனால அவருக்கு என்ன தெரிஞ்சுதுன்னு கேக்க முடியாம போச்சு, ஆனா அந்த பிடி எனக்கு இன்னும் மறக்கல.

இத முறையா ஆராய்ச்சி பண்ணவர் நியூயார்க்ல இருக்கற டாக்டர் சாம் பார்னியா. 2023ல வந்த அவரோட ஆய்வுல அமெரிக்கா, பிரிட்டன்ல 25 ஆஸ்பத்திரியில இதயம் நின்ன 567 பேர எடுத்துக்கிட்டாங்க, பொழைச்சவங்க 53 பேர்தான், அதுல பேட்டி குடுக்க முடிஞ்சது 28 பேர், அந்த 28ல 11 பேர் ஏதோ ஒரு நினைவு இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதவிட எனக்கு பெரிசா பட்டது, சில பேருக்கு அமுக்க ஆரம்பிச்சு 35 நிமிஷம், ஒரு மணி நேரம் கழிச்சுக்கூட ஈஈஜில சாதாரண மூளை மாதிரி அலை தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் இல்ல, பாதி பேருக்கு கிட்ட கோடு தட்டையாவே இருந்துச்சு.

அதனால உங்க அப்பாவுக்கு கேட்டுச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. கேட்டிருக்கவே முடியாதுன்னு யாராவது சொன்னா அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க கூப்பிட்டது வீண் வேலை இல்லம்மா.

கேள்வி: அப்போ உயிர் உடம்ப விட்டு வெளிய போய் மேலருந்து பாக்குதுன்னு நிரூபிச்சாச்சா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லங்க. அத சோதிச்சுப் பாக்கத்தான் பார்னியா குழு முதல் ஆய்வுலயே, 2014ல வந்தது, கூரைக்கு பக்கத்துல பலகை அடிச்சு மேலருந்து பாத்தா மட்டும் தெரியற மாதிரி படம் வெச்சாங்க. ஆனா முக்கால்வாசி பேருக்கு இதயம் நின்னது அந்த பலகை இல்லாத ரூம்ல, அதனால அந்த சோதனை கைகூடல. 2023 ஆய்வுல தலைக்கு மேல டேப்லட்ல படம் காட்டினாங்க, காதுல ஹெட்ஃபோன் வெச்சு மூணு பழத்தோட பேர திரும்ப திரும்ப சொன்னாங்க. படத்த ஒருத்தரும் சொல்லல, பழத்தோட பேர ஒரே ஒருத்தர் சரியா சொன்னார். என் மனசுக்கு பட்டது என்னன்னா, இதெல்லாம் இன்னும் சாகாத மூளைக்கு உள்ள நடந்தது, நெஞ்ச அமுக்கின கையாலதான் அது நடந்துச்சு. முழுசா அடங்கின மூளைக்கு அப்புறம் ஏதாவது இருக்கான்னு கேட்டா இந்த ஆய்வுங்க அங்க போகவே இல்ல, திரும்பி வந்தவங்கள மட்டும்தானே கேக்க முடியும். உயிரோட இருந்து திரும்பி வந்தவர் சொல்றத வெச்சு அந்த பக்கத்த முடிவு பண்றது சரியில்லன்னு நான் நெனக்கிறேன்.

கேள்வி: பைக் ஆக்சிடண்ட்ல எங்க மாமாவுக்கு மூளைச்சாவுன்னு சொன்னாங்க, உறுப்பு தானம் பண்ணோம். ஆனா அன்னைக்கு அவர் விரல் அசைஞ்சத அக்கா பாத்துட்டாங்க, உயிரோட அறுத்துட்டோமோன்னு தூங்காம கெடக்கறாங்க.
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, இதுக்கு என்கிட்ட தெளிவான பதில் இருக்கு. மேல சொன்னதுக்கு இது நேர் தலைகீழ். அங்க இதயம் நின்னுடுச்சு, மூளை இன்னும் சாகல. இங்க இதயம் துடிக்குது, ஆனா மூச்ச நடத்தற மூளைத்தண்டு செத்துடுச்சு, இனி வராது. நம்ம நாட்டு 1994 சட்டப்படி நாலு டாக்டருங்க சேர்ந்து, குறைஞ்சது 6 மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை சோதிக்கணும். கண்ணுல டார்ச் அடிப்பாங்க, தொண்டையில குழாய் விட்டு இருமல் வருதான்னு பாப்பாங்க, கடைசியா வென்டிலேட்டர கழட்டி ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏற விட்டு ஒரே ஒரு மூச்சாவது தானா எடுக்கறாரான்னு பாப்பாங்க. அந்த மூச்சு வந்துட்டா மூளைச்சாவுன்னு எழுதவே மாட்டாங்க.

விரல் அசைஞ்சது நிஜமா இருக்கும், அக்கா பொய் சொல்லல. அது தண்டுவடத்துலருந்து வர்ற அசைவு, மூளைக்கு தெரியாமலே வரும், நானே பல தடவை பாத்திருக்கேன், முதல் தடவை எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாமாவுக்கு வலி தெரியல, அறுத்ததும் தெரியல. இத ஃபோன்ல சொல்லாதீங்க, நேர்ல போய் அக்கா பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.