பழைய காரின் மின்கோளாறு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பழைய கார் என்று நான் இங்கே சொல்வது, கணினிப் பெட்டிகள் உள்ளே நுழைவதற்கு முந்தைய வண்டிகளை. பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் தொடுமுனைகள்), கண்டென்சர் (அந்தத் தொடுமுனைகள் கருகாமல் காப்பது), கண்ணாடி ஃபியூஸ், ஒன்றிரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), அவ்வளவுதான். 25 ஆண்டுகளுக்கு மேலாக இந்த வயர்களோடுதான் என் பொழுது போகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பல, "அதை மாற்றினேன், இதை மாற்றினேன், கோளாறு மட்டும் போகவில்லை" என்று தொடங்குகின்றன. படிக்கவே வருத்தமாக இருக்கிறது. இந்த வண்டிகளின் பாகங்கள் கெட்டியானவை. அவற்றுக்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியும் திரும்பி வரும் வழியும்தான் முதலில் கெடுகின்றன. ஒரு சாதாரண மல்டிமீட்டர் கையில் இருந்தால் போதும், எது கெட்டது என்று பார்த்துவிட்டே கை வைக்கலாம்.

இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி முழுவதும் இறங்கிவிடுகிறது. புதுப் பேட்டரி போட்டேன், அதுவும் இறங்குகிறது. என்ன செய்வது ஐயா?

முதலில் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இது சரியாக இருந்தால், நிறுத்திய பிறகு எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள்.

பேட்டரியைக் காரின் உலோக உடலோடு, அதாவது பாடியோடு, இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது தவறியும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். கடிகாரம் மட்டுமே இருக்கும் வண்டியில் சில மில்லி ஆம்பியர்தான் காட்டும். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தேட வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு.

எந்த ஃபியூஸைக் கழற்றியும் எண் அசையவில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். அதன் தடித்த வயர் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை. உள்ளே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதானால் இரவெல்லாம் அதன் வழியே பேட்டரி வடியும். அந்த வயரைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

டாஷ்போர்டுப் பெட்டியின் உள்விளக்கையும் டிக்கி விளக்கையும் மறந்துவிடாதீர்கள். மூடியபின் அணைகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. 5 வாட் பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். இரண்டு நாளில் 20 ஆம்பியர் மணி; 45 ஆம்பியர் மணிப் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி. ஒருவர் மூன்று பேட்டரி மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். டிக்கி விளக்கின் ஸ்விட்சுக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது ஒரு சிறு ரப்பர்த் துண்டுதான்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றிவிட்டேன். பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கிறது. கேபிள்களை ஓம் அளவில் சோதித்தேன், பூஜ்யம்தான் காட்டுகிறது.

அந்தப் பூஜ்யத்தை நம்பியதுதான் பிழை. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நூறு இழை கொண்ட கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அந்த மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்துவிடும். ஸ்டார்ட்டர் கேட்பதோ 150 ஆம்பியர். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே சூடாகி வீணாகும். 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் பார்க்கவே பார்க்காது.

ஆகவே, மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டும். ஸ்பார்க்குக்கு உயர்மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பற்றாது. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையின் மேலேயே, அதாவது ஈயத்தின் மேலேயே, வையுங்கள்; கவ்வியின் மேல் அல்ல. மறு முனை ஸ்டார்ட்டரின் உடலில். இப்போது ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 1 வோல்ட், 2 வோல்ட் என்று வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அடுத்து அதே போல நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரை. இங்கே சோலனாய்டும் (சாவி திருப்பும்போது ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) உள்ளடங்குவதால் 0.5 வரை பொறுக்கலாம். பிறகு மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் வோல்ட் தாவுகிறதோ அங்கேதான் பழுது.

பெரும்பாலும் அது எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையாக இருக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் மின்சாரத்துக்கு முறையான திரும்பும் வழியே கிடையாது. பட்டை அற்றுப்போன வண்டியில் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிள் கை வைக்க முடியாதபடி கொதித்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். உங்கள் பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிரேக் மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. வயரிங் முழுவதும் குழம்பியிருக்குமோ?

குழம்பவில்லை அம்மா. அந்தப் பின்விளக்குக் கூட்டின் எர்த் போய்விட்டது. வந்த மின்சாரம் நேர்வழியில் திரும்ப முடியாமல் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகிறது. பல்பு ஹோல்டரையும், அதன் எர்த் திருகு பிடிக்கும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. நண்பர் ஒருவர் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார். இப்போது பிரச்சினை இல்லை. இப்படியே விடலாமா?

விடக் கூடாது. இன்றே கழற்றுங்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் அதற்கு அடுத்து உருகப்போவது டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வயர்தான். அது தனியாக உருகாது; கட்டிலுள்ள எல்லா வயரையும் சேர்த்துக்கொண்டு போகும். தீயில் போன வண்டிகளின் கூட்டை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கோளாறைத் தேட ஒரு நல்ல வழி உண்டு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எங்கோ வயர் பாடியில் தொடுகிறது என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் எதுவும் கருகாது. அதை எரியவிட்டபடி வயர் கட்டுகளை ஒவ்வோர் இடமாக அசையுங்கள். கதவுக் கீல், ஸ்டீயரிங் தண்டு, பாடித் துளைகளில் ரப்பர் வளையம் நழுவிய இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கே காப்பு உரிந்திருக்கிறது.

இன்னொன்று. பிரிட்டிஷ் கார்களின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அதற்குப் பதிலாக, தொடர்ந்து 35 தாங்கும் வேறு வகை ஃபியூஸைப் போட்டால் வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒரே நேரத்தில் மேலே ஏறி நிற்கின்றன. இரண்டு சென்சாரும் ஒன்றாகவா கெடும்?

கெடாது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள். உங்கள் வகை மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் ஆக்கித் தருவது அதன் வேலை. அதன் எர்த், அதைப் பிடித்திருக்கும் திருகு வழியாகத்தான். திருகு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ 12 வோல்ட் அப்படியே பாய்ந்து இரு முள்ளும் ஏறிவிடும். திருகைச் சுத்தம் செய்து முடுக்கிப் பாருங்கள்.

முகப்பு விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக எரிகின்றன. 100 வாட் பல்பு போடலாமா?

போடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பல்பின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பல்பில் 11.5 கூட வராத வண்டிகள் ஏராளம். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இரண்டு 60 வாட் பல்புக்கு 10 ஆம்பியர் வேண்டும். அத்தனையும் களிம்பேறிய பழைய ஸ்விட்ச் வழியாகவும் மெல்லிய வயர் வழியாகவும் வருகிறது. பெரிய பல்பு போட்டால் ஸ்விட்ச்தான் உருகும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றை இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குகளுக்குக் கொடுங்கள். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும்.

தாத்தா வைத்திருந்த கார். பேட்டரியின் நேர்முனை பாடியில் இணைந்திருக்கிறது. யாரோ தவறாக மாட்டிவிட்டார்களா? கல்லூரி மாணவன் நான், இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்.

தவறாக இருக்க வாய்ப்புக் குறைவு தம்பி. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் எர்த். கையேட்டிலோ பேட்டரித் தட்டின் அருகிலோ குறிப்பு இருக்கும், பார்த்து உறுதி செய்துகொள். முனையை மாற்றி மாட்டிவிடாதே. வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால் நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் இணை. இரண்டு வண்டிகளின் பாடியும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் நேரடி ஷார்ட். தாத்தாவின் வண்டியைக் கற்றுக்கொள்ள எடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சூடேறியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஓடுகிறது. காயிலை மாற்றியும் போகவில்லை.

நின்ற உடனே, ஆறவிடாமல், ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் பெட்ரோல் பக்கம் தேடுங்கள். வரவில்லை என்றால் முதலில் கண்டென்சர். பாயிண்ட் முகங்கள் கருகிக் குழிவிழுந்திருந்தால் அதுவும் அதைத்தான் காட்டுகிறது. மாற்றிய காயில் எந்த வகை என்றும் பாருங்கள். பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) பயன்படுத்த வேண்டிய காயில் சுமார் 1.5 ஓம், தனியாக ஓடுவது சுமார் 3 ஓம். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் இரு மடங்கு மின்சாரம் இழுத்துக் காயிலும் பாயிண்டும் சுட்டுப் போகும்.

துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிர்கின்றன. ஒட்டுப் போட்டு ஓட்டலாமா, மொத்தமாக மாற்றலாமா?

உதிர்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். இங்கே மட்டும் ஒட்டுப் போடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஆனால் பழைய கட்டை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டி, படம் எடுத்து, ஒரு சுற்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அதே நிறம், அதே தடிமன் அல்லது ஒரு படி கூடுதல். முனைகளைச் சரியான இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள்; ஈயம் வைத்தால், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் முறியும், அங்கே கண்டிப்பாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் எர்த் கேபிளை நேராக மாட்டிவிடாமல், முன்பு சொன்ன அதே 21 வாட் பல்பை இடையில் வைத்துத் தொடுங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியாமல் இருந்தால் கேபிளை மாட்டலாம்.