ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றே, வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் வெறும் காகிதக் கணக்கா, யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

ஏகப்பட்ட தடவை அளந்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டும் 1887-இன் மைக்கேல்சன்–மோர்லி பரிசோதனை (பூமி ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் ஒளிவேகம் ஒன்றே என்று காட்டியது) மட்டும் போதாது என்பது என் எண்ணம். ஓடும் பஸ்ஸிலிருந்து எறிந்த கல்லுக்கு பஸ்ஸின் வேகமும் சேர்வது போல ஒளிக்கும் அது கிளம்பிய பொருளின் வேகம் சேரும் என்று வைத்துக்கொண்டாலும் அந்த முடிவு சரியாகவே வரும். வால்டர் ரிட்ஸ் என்ற இயற்பியலாளர் 1908-இல் அப்படித்தான் வாதாடினார்.

அந்த ஓட்டையை 1964-இல் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் ஆல்வாகர் குழு அடைத்தது. ஒளிவேகத்தில் 99.975 சதவீத வேகத்தில் பறக்கும் நடுநிலை பையான்கள் என்ற மின்னூட்டமில்லாத நுண்துகள்கள் வழியிலேயே சிதைந்து காமா கதிர்களை விடும், அதுவும் ஒருவகை ஒளிதான். கல் கணக்குப்படி, முன்பக்கம் போகும் கதிர் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் பாய வேண்டும். சுமார் 30 மீட்டர் ஓடவிட்டு நேரம் பார்த்தால், வழக்கமான நொடிக்கு 3 லட்சம் கி.மீ.தான்.

எனக்குப் பிடித்தது மியூவான், எலக்ட்ரானின் கனமான உறவுக்காரன். வளிமண்டலத்தின் மேலடுக்கில் பிறக்கும் இந்தத் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, ஒளிவேகத்திலேயே போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்டும். பிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் மலையுச்சியில் எண்ணியபோது மணிக்குச் சராசரியாக 563 மியூவான்கள் வந்தன. அங்கிருந்து கடல்மட்டத்துக்கு 1,900 மீட்டர், அதாவது 6 மைக்ரோ நொடிக்குக் கொஞ்சம் மேல். நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் கீழே 27 போல மிஞ்ச வேண்டும். வந்ததோ 400-க்கும் மேல்! அவற்றின் கடிகாரம் 8, 9 மடங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. மியூவானிடம் கேட்டால், என் ஆயுள் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் மலைதான் இருநூற்றுச் சொச்சம் மீட்டராகக் குட்டையாகிவிட்டது என்று சொல்லும், அதுவும் சரிதான்.

1971-இல் விமானத்தில் அணுக்கடிகாரங்களை உலகம் சுற்றவைத்த கதையும் உண்டு, ஆனால் ஈர்ப்பும் கடிகார ஓட்டத்தை மாற்றும், அந்த விளைவும் அதில் கலந்துவிடுவதால் இந்தக் கேள்விக்கு அவ்வளவு சுத்தமான பதில் இல்லை.

சரி, மலை, காற்று என்று இன்னும் சந்தேகம் இருந்தால், 1977-இல் செர்னில் மியூவான்களை வெற்றிட வளையத்துக்குள் சுற்றவிட்டே அளந்துவிட்டார்கள்: ஆயுள் 64 மைக்ரோ நொடி, கணக்கு சொன்ன அதே 29 மடங்கு.