தெத்துப்பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லை எடுப்பதா?

"என் மகளுக்கு 21 வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். கிளிப் போடலாம், ஆனால் முதலில் அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல பல் இரண்டை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தெத்துப்பல்லையே பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடியுமே என்கிறார் என் அண்ணி. வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்வது?"
– வாசகி, கரூர்

தெத்துப்பல்லைப் பிடுங்காதீர்கள். அண்ணி கேட்பது நியாயமான கேள்விதான். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமல் போவதில்லை.

தெத்துப்பல் என்று தனியாக ஒரு பல் கிடையாது. கோரைப்பல்தான் இடமில்லாமல் வெளியே தள்ளி நிற்கிறது. மேல் கோரைப்பல் 11, 12 வயதில்தான் முளைக்கும். அதற்குள் முன்னால் வெட்டுப்பற்களும், பின்னால் முன்கடைவாய்ப்பல்லும் பெரும்பாலும் வந்து உட்கார்ந்துவிடும். கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறுபவர் படிக்கட்டில்தானே தொங்க வேண்டும்?

மகளை மூக்கோரத்துக்கு நேர் கீழே, மேல் ஈறில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தூண் போல ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் கோரைப்பல்லின் வேர். வாயில் இருப்பதிலேயே நீளமானது. மெல்லும்போது தாடை பக்கவாட்டில் போனால் கடைவாய்ப்பற்கள் உரசித் தேயாமல் காப்பதும், உதட்டோரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் அந்தப் பல்தான். டாக்டர் எடுக்கச் சொல்லும் முன்கடைவாய்ப்பல்லோ பக்கத்துக்கு இரண்டு இருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். அதை எடுத்தால் சுமார் 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், கோரைப்பல் அதில் இறங்கிக்கொள்ளும்.

எல்லோருக்கும் பல் எடுக்க வேண்டியதில்லை. குறைவது இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் பற்களின் இடையில் லேசாகத் தேய்த்தே இடம் பண்ணலாம். அதனால் முழுவாய் எக்ஸ்ரேயையும் பல் அச்சையும் வைத்து, "எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். எண்ணைச் சொல்பவரை நம்பலாம்.

வரன் விஷயத்துக்கு வருவோம். பல் நகர, ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர வேண்டும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஆகவே மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு வருடம். ஆறேழு மாதத்தில் தெத்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பல் நிறத்திலேயே கிளிப்பும் இருக்கிறது. அவசரத்துக்கு, "ஒரே வாரத்தில் வேர் சிகிச்சை செய்து, தேய்த்து, கேப் போடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பல்லைக் கொன்றுவிட்டுத் தொப்பி மாட்டுகிற வேலை அது.

அப்புறம், மகளிடம் கேட்டீர்களா? தெத்துப்பல் நோயல்ல, ஜப்பானில் அதை அழகென்று ரசிப்பவர்கள் உண்டு. வெளியே தள்ளிய பல்லில் ஈறு இறங்கலாம், துலக்கும்போது இடுக்கில் அழுக்குத் தங்கலாம். அதெல்லாம் இல்லாமல் அவளுக்கும் அது பிடித்திருந்தால் விட்டுவிடலாம்.

கிளிப் போட்டால் முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு வேண்டாம். கிளிப்பைக் கழற்றிய பிறகு, பல்லை அங்கேயே பிடித்துவைக்கும் ரிடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். கல்யாண வீட்டில் அதைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்து, இலையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. சிறிய டப்பா ஒன்றைக் கைப்பையில் போட்டுவையுங்கள்.