உருளைக்கிழங்கை எப்போது குத்த வேண்டும்?

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த முழு உருளைக்கிழங்கு வெடித்துச் சிதறிவிட்டது. குக்கரில் இப்படி நேர்ந்ததே இல்லை. சமைப்பதற்கு முன் கிழங்கைக் குத்தத்தான் வேண்டுமா? குட்டி உருளைக்கிழங்கு வறுவலுக்கும் குத்தச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: மைக்ரோவேவில் வைப்பதென்றால் கட்டாயம் குத்துங்கள்; தண்ணீரில் வேகவைப்பதென்றால் குத்தாதீர்கள்.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர்தான். அந்த ஈரம் வற்றிவிடாதபடி தக்கை போன்ற தோல் கிழங்கை மூடிக் காக்கிறது. மைக்ரோவேவ் அலைகள் தோலைக் கடந்து உள்ளிருக்கும் நீரை நேரடியாகச் சூடாக்குவதாலும், நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிவடைவதாலும், வெளியேற வழியில்லாத ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. முள்கரண்டியால் சுற்றிலும் ஏழெட்டு இடங்களில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தினால் போதும்.

குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும், கிழங்கைச் சுற்றியும் அழுத்தம் இருப்பதால் அதனுள் இருக்கும் நீர் கொதிப்பதில்லை. ஆனால் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால், அந்த நீர் ஒரே நொடியில் கொதித்துத் தோல் பிளந்துவிடும். மசியலுக்கு அதனால் கெடுதல் இல்லை. முழுதாக வேண்டுமென்றால் ஆவி தானாக அடங்கும்வரை பொறுத்திருங்கள். திறந்த பாத்திரத்தில் கொதிநீரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் வெடிக்கும் பேச்சே இல்லை. அங்கே துளையிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கிழங்கு சொதசொதவென்று ஆகும். வைட்டமின் சி போன்ற, நீரில் கரையும் சத்துகளும் கூடுதலாக வெளியேறும்.

குட்டி உருளைக்கிழங்கைக் குத்துவது ஆவி வெளியேற அன்று, மசாலா உள்ளே போக. ஆகவே அதை வேகவைத்துத் தோலுரித்த பிறகே குத்த வேண்டும். இங்கே முள்கரண்டியைவிட பல்குச்சியே எனக்கு உகந்ததாகப்படுகிறது. முள்கரண்டி வெந்த கிழங்கைப் பிளந்துவிடக்கூடும். முக்கால் பதம் வெந்தவுடன் இறக்கி, நடுப்பகுதி வரை நான்கைந்து முறை குத்தி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தயிரில் அரை மணி நேரம் ஊறவிட்டு வறுத்துப் பாருங்கள். ஒன்றை இரண்டாக நறுக்கினால், குச்சி போன தடமெல்லாம் மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் தெரியும்.